தலை சாயாத கதிர்கள்

1993-ஆம் ஆண்டு, இலையுதிர் காலம். ஜப்பானின் பெருந்தீவான ஹோன்ஷூவின் வடகோடியில் உள்ள அவோமோரி மாநிலம். அறுவடைக்குக் காத்திருந்த வயல்களில் நெற்பயிர் உயிரோடுதான் நின்றது. தூர் கட்டியிருந்தது, கதிரும் விட்டிருந்தது. ஆனால் பல வயல்களில் கதிர்கள் தலை சாயவே இல்லை. பொன்னிறமாகி வளைந்திருக்க வேண்டிய நாளில் பச்சை மாறாமல் விறைத்து நின்றன. ஒரு மணியை எடுத்து நகத்தால் நசுக்கினால் பால் இல்லை, அரிசியும் இல்லை. இரண்டு உமிகள், நடுவே வெறும் காற்று.

வழக்கமான விளைச்சலை 100 என்று வைத்துக்கொண்டால், அந்த ஆண்டு ஜப்பான் முழுமைக்கும் கிடைத்தது 74. மாநிலவாரியாகப் பார்த்தால் மியாகியில் 37, இவாதேயில் 30, அவோமோரியில் வெறும் 28. வெளிநாட்டு அரிசியை உள்ளே விடமாட்டோம் என்று பிடிவாதமாக இருந்த நாடு, தாய்லாந்து, சீனா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று நான்கு திசையிலிருந்தும் ஏறக்குறைய 25 லட்சம் டன் அரிசியை இறக்கவேண்டியதாயிற்று. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது.

இத்தனைக்கும் அங்கே உறைபனி விழவில்லை. கோடை நடுவே, ஒகோட்ஸ்க் கடல் பக்கமிருந்து ‘யமாசே’ என்று அவர்கள் அழைக்கும் ஈரக்காற்று மூடுபனியோடு வந்து வயல்மேல் படுத்துக்கொண்டது, அவ்வளவுதான். வெப்பம் 17, 18 டிகிரிக்கு இறங்கியது. நாம் மே மாதம் கொடைக்கானலுக்குப் பணம் செலவழித்துத் தேடிப் போகும் குளிர் அது. மனிதனுக்குச் சுகம், நெல்லின் இலைக்கும் வேருக்கும் பெரிய கேடு இல்லை. ஆனால் கதிர் கருக்கொள்ளும் அந்தச் சில நாட்களில் அதே குளிர், பயிருக்குள் இருந்த ஒன்றே ஒன்றைத் தொட்டது. தொட்டதும் அந்த வருஷத்துச் சோறு போயிற்று.

நம் ஊர் வயலில் பயிர் சாவியாகப் போனால் நாம் கதிர்நாவாய்ப் பூச்சியைச் சந்தேகிப்போம், கடைசித் தண்ணீர் கிடைக்காததைச் சொல்வோம், பூக்கும் நேரத்தில் அடித்த மழையைத் திட்டுவோம். குளிர் என்று யாருக்கும் தோன்றாது. ஆகவே இந்தக் கதையை வடக்கே போய்த்தான் கேட்கவேண்டும். கேட்டால், படைப்பின் நுட்பம் எங்கே உச்சத்தில் இருக்கிறதோ அங்கேதான் அதன் மென்மையும் இருக்கிறது என்பது புரியும். எனக்கு அது ஆச்சரியத்தைவிடப் பக்தியைத்தான் தந்தது.

கதிர் வெளிவருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு பயிரைப் பாருங்கள். தண்டு சற்று உருண்டு பருத்திருக்கும். தொண்டைக்கதிர் என்று சொல்கிறோமே, அந்தப் பருவம். கடைசி இலையான கண்ணாடி இலை அப்போதுதான் விரிந்து வந்திருக்கும். ஒவ்வொரு இலையும் தண்டைவிட்டுப் பிரியும் இடத்தில் இரண்டு சின்னஞ்சிறு காதுகள் உண்டு, மயிர் முளைத்த வெளிறிய காதுகள். கண்ணாடி இலையின் காதும் அதற்கு முந்தைய இலையின் காதும் ஒரே மட்டத்துக்கு வருகிற நாளை ஜப்பானிய ஆய்வாளர்கள் குறித்துவைத்தார்கள். நுண்ணோக்கி இல்லாமலே, இலைக்காதைப் பார்த்தே, உறைக்குள் மறைந்திருக்கும் கதிரில் மகரந்தம் பிறக்கும் நாளை மதிப்பிடலாம். கண்ணுக்குத் தெரியாத கருவறையின் நாட்காட்டியை, குனிந்தால் தெரியும் இடத்தில் எழுதிவைத்திருக்கிறான் படைத்தவன்.

தண்டை நகத்தால் கீறிப் பிரித்தால் உள்ளே இளங்கதிர் இருக்கும். வெளிச்சம் படாத வெளிர்பச்சை, ஈரமான பளபளப்பு. அதில் ஒரு பூவைத் திறந்தால் ஆறு மகரந்தப்பைகள். அந்தப் பருவத்தில் ஒவ்வொன்றும் ஓர் ஊசிமுனை அளவு. அந்த ஊசிமுனைக்குள் நான்கு அறைகள், அறைகளுக்குள் வரிசையாகத் தாய்ச்செல்கள். ஒவ்வொரு தாய்ச்செல்லும் இரண்டு முறை பிளந்து நான்காகிறது. பிளந்த நான்கும் உடனே பிரிவதில்லை. காலோஸ் என்ற சர்க்கரைப் பொருளால் ஆன சுவர் ஒன்று அவற்றைச் சேர்த்துப் பொதிந்துவைத்திருக்கும். காலம் வரும்போது அந்தச் சுவர் கரைய வேண்டும். முந்தினாலும் கேடு, பிந்தினாலும் கேடு.

கரைப்பது யார்? அறைகளின் உட்சுவராக, பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனத்தில், ஒரு படலம் இருக்கிறது. டபீட்டம் என்று பெயர். பள்ளிக்கூடத்துத் தாவரவியல் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோன பெயர். அந்தப் படலம் ஒரு செவிலித்தாய். நொதியைச் சுரந்து காலோஸ் சுவரைக் கரைப்பது அது. பிரிந்து மிதக்கும் இளம் மகரந்தங்களுக்குச் சர்க்கரையைக் கடத்தி ஊட்டுவது அது. மகரந்தத்தின் வெளித்தோட்டுக்கு மூலப்பொருள் தருவதும் அதுதான். அந்தத் தோடு சாதாரணத் தோடு அல்ல. ஏரிச் சேற்றிலும் நிலக்கரியிலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் கிடக்கிற, உயிருலகத்தின் மிக உறுதியான பொருள்களில் ஒன்று. இத்தனையும் செய்து முடித்ததும் அந்தப் படலம் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. செல் செல்லாகக் கரைந்து, கடைசிச் சொட்டையும் மகரந்தத்தின் மேல் பூசிவிட்டு மறைகிறது. இந்த மரணம் நோயால் வருவதில்லை. நாள் குறித்து, முறை வகுத்து, உள்ளிருந்தே நடத்தப்படுவது.

குளிர் தொடுவது இந்தச் செவிலியைத்தான்.

வடதீவான ஹொக்கைடோவின் வேளாண் ஆய்வு நிலையத்தில் சடாகே, ஹயாசே என்ற இருவர் பல ஆண்டுகள் இதையே தோண்டிக்கொண்டிருந்தார்கள். தொட்டிச் செடிகளைக் குளிரறைக்குள் சில நாட்கள் வைப்பது, எடுப்பது, எந்தப் பூ பதரானது என்று எண்ணுவது. தாய்ச்செல் பிளக்கும் நேரமே மிக ஆபத்தானது என்று அதுவரை நம்பியிருந்தார்கள். 1970-இல் இவர்கள் வெளியிட்ட முடிவு அதைத் திருத்தியது. பிளந்து முடிந்து, காலோஸ் சுவர் கரைந்து, நான்கு பிள்ளைகளும் தனித்தனியே கைவிடப்பட்டு நிற்கிற இளமகரந்தப் பருவம்தான் உச்ச ஆபத்து என்றார்கள். உயிர் இன்னும் தன் தோட்டை அணியாத நேரம். முழுக்க முழுக்கச் செவிலியின் கையை நம்பியிருக்கிற நேரம்.

குளிர் பட்டதும் டபீட்டம் சாக வேண்டிய நாளில் சாகாமல் வீங்கிப் பெருக்கிறது. ஊட்ட வேண்டிய நேரத்தில் ஊட்டுவதில்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2000-க்குப் பிறகு இன்னொரு கதவைத் திறந்தார்கள். குளிர் பட்ட மகரந்தப்பையில் சர்க்கரைக்குப் பஞ்சமே இல்லை, சொல்லப்போனால் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேங்கிக் கிடக்கிறது. அதை உடைத்து உள்ளே அனுப்பும் இன்வர்டேஸ் என்ற நொதி மட்டும் குறைந்துபோகிறது. வாசல்வரை வந்த சோறு வாய்க்குப் போகவில்லை. இதற்கு ஆணை கொடுப்பது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன்; வறட்சியில் இலைத் துளைகளை மூடச் சொல்கிற அதே ஹார்மோன். குளிரைத் தாங்கும் ரகத்தில் அது அவ்வளவாக ஏறுவதில்லை, தாங்காத ரகத்தில் ஏறுகிறது. அதோடு, குளிர்ந்த மகரந்தப்பையில் ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோன் குறைவதை ஜப்பானியர் பிற்பாடு காட்டினார்கள்.

விளைவை எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் பார்க்கலாம். கண்ணாடித் தகட்டில் மகரந்தத்தைத் தட்டி, ஒரு சொட்டு அயோடின் விட வேண்டும். நல்ல மகரந்தம் உருண்டையாக, கருநீலமாக நிறம் ஏறும். உள்ளே மாவுச்சத்து நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். குளிர் பட்டது வெளிறிச் சுருங்கி, அயோடினின் மஞ்சளைத் தவிர வேறு நிறம் கொள்ளாமல் கிடக்கும். ஒரே கதிரின் ஒரு பூவில் கறுப்பு, அடுத்த பூவில் வெளிறல் என்றும் இருக்கும். ஏனென்றால் ஒரு கதிரின் எல்லாப் பூக்களும் ஒரே நாளில் அந்தப் பருவத்தை அடைவதில்லை. கதிரின் நுனிக்கிளைகள் முந்தும், அடிக்கிளைகள் பிந்தும். தூர்களும் ஒன்றுக்கொன்று முன்பின்னாகக் கதிர்விடும். இரண்டு நாள் குளிர் வந்து போனால் சில பூக்கள் கெடும், மற்றவை தப்பும். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே படகில் ஏற்றாத இந்த ஏற்பாட்டை யார் யோசித்தது? யமாசே போல ஒரு வாரம், இரண்டு வாரம் நின்று அடித்தால்தான் இந்த ஏற்பாடும் தோற்கிறது.

இனி நான் இந்த விஷயத்தில் மிகவும் நின்று பார்த்த இடத்துக்கு வருகிறேன். குளிர் பட்ட அதே பூவுக்குள், ஆறு மகரந்தப்பைகளுக்கு நடுவே, சூலகம் இருக்கிறது. அதே உறை, அதே குளிர், அதே நாட்கள். ஆய்வாளர்கள் குளிரில் வாடிய செடியின் பூவில், குளிர் படாத செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தூவிப் பார்த்தார்கள். மணி பிடித்தது! தாய்ப்பக்கம் பெரிய சேதமில்லாமல் காத்திருந்திருக்கிறது. சூலகம் தயார், சூல்முடி தயார், வரவேண்டியது மட்டும் வரவில்லை. அவோமோரியின் வயல்களில் அந்தக் கோடையில் நின்ற கோடிக்கணக்கான பதர்களில் பெரும்பாலானவை இப்படி வீணாகக் காத்திருந்து மூடிய பூக்கள்தான்.

நல்ல வருஷமாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். காலை வெயில் ஏறி, பத்து மணி சுமாருக்கு, பூவின் அடியில் இருக்கும் இரண்டு சிறு செதில்கள் நீர் உறிஞ்சி உப்புகின்றன. அவை நெம்பித் தள்ள, உமிகள் இரண்டும் வாய் திறக்கின்றன. மகரந்தத் தண்டுகள் சரசரவென்று நீண்டு மஞ்சள் பைகளை வெளியே தள்ளுகின்றன. திறக்கும்போதே பை வெடித்துத் தூள் கொட்டுகிறது; இறகு போல் பிரிந்த சூல்முடி ஏந்திக்கொள்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உமி மூடிக்கொள்ளும். காற்றில் பறக்கும் நெல் மகரந்தத்துக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். சூல்முடியில் விழுந்ததோ சில நிமிடத்தில் முளைத்துக் குழாய் விட்டு, இரண்டு ஆண் அணுக்களைச் சூலுக்குள் இறக்குகிறது. ஒன்று முட்டையோடு கலந்து கருவாகிறது. அது நாளைய நாற்று. மற்றது நடுவிலிருக்கும் இரண்டு உட்கருக்களோடு கலந்து, கருவுக்கு உணவாக மாவைச் சேர்க்கும் திசுவாகிறது. அந்த இரண்டாவது கூடலின் பலன்தான் அரிசி. தினம் தட்டில் விழுகிற ஒவ்வொரு பருக்கையும் ஒரு மகரந்தத் தூளின் இரண்டாம் பிள்ளை. இது தெரிந்த பிறகு சோற்றை வீணாக்க எனக்குக் கை வருவதில்லை.

அப்படியானால் இவ்வளவு மென்மையான கண்ணியை ஏன் படைத்தவன் நடுவில் வைத்தான் என்ற கேள்வி வரும். நெல் சதுப்பு நிலத்துப் புல். அதன் காட்டு மூதாதை வெப்ப மண்டலத்து நீர்நிலைகளில் பல்லாண்டுச் செடியாக வாழ்வது. இந்தப் பருவத்தில் குளிரோ வறட்சியோ வந்தால் பூவைக் கைவிட்டுத் தாய்ச்செடியைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அடுத்த பருவத்தில் மீண்டும் பூக்கலாம். அந்தச் செடிக்கு இது பலவீனமாக இருந்திருக்காது, சிக்கனமாக இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். அதைப் பிடுங்கி ஓராண்டுப் பயிராக்கி, சைபீரியாவின் வாசல்வரை கொண்டுபோய் நட்டவர்கள் நாம். குற்றப்பத்திரிகை எழுதுவதானால் மேலே பார்த்து எழுதுவது நியாயமில்லை.

ஆனால் கொண்டுபோன மனிதர்களின் பிடிவாதத்தையும் சும்மா சொல்லக்கூடாது. 1870-களில் ஹொக்கைடோவைக் குடியேற்றப் பகுதியாக்கிய அரசு, அங்கே நெல் விளையாது, கோதுமை போடுங்கள் என்றது. ஒசாகா பக்கத்திலிருந்து வந்த நாகயாமா கியூஸோ கேட்கவில்லை. 1873-இல், சப்போரோவுக்குத் தெற்கே ஷிமாமாட்சுவில் ‘அகாகே’ என்ற செந்நிற மீசை நெல்லை விதைத்தார். நாற்றங்காலுக்கு வரும் ஓடை நீர் குளிர்ந்திருந்ததால், தன் வீட்டுக் குளியல் தொட்டியில் வெந்நீர் காய்ச்சி இரவும் பகலும் நாற்றங்காலில் ஊற்றினார். நெல் விளைந்தது. விளைந்த விதையை அவர் பூட்டிவைக்கவில்லை; குடியேறிய மற்ற உழவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். இன்று ஹொக்கைடோ ஜப்பானின் முதல் இரண்டு நெல் மாநிலங்களில் ஒன்று.

இருபது ஆண்டு கழித்து, 1893-இல், யாமகாதா மாநிலத்தில் இன்னொருவர். அபே கமேஜி, அப்போது இருபத்தைந்து வயது உழவர். கோவிலுக்குப் போகிற வழியில், குளிரில் கெட்டுப்போன ஒரு வயலைக் கடந்தார். அந்தப் பாழுக்கு நடுவே மூன்றே மூன்று கதிர்கள் மணி பிடித்து நின்றன. வயற்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து விதைத்து, தேர்ந்து, மறுபடி விதைத்து, சில ஆண்டுகளில் ஒரு ரகத்தை நிலைநிறுத்தினார். ‘கமேநோஓ’ என்று பெயர். இன்று ஜப்பானில் மிக அதிகமாகப் பயிராகும் கோஷிஹிகாரியின் வம்சாவளியைத் தோண்டினால் அந்த மூன்று கதிர்களில் போய் முடியும். பிரார்த்தனைக்குப் போனவருக்குப் பதில் வழியிலேயே கிடைத்துவிட்டது என்று நான் சொன்னால், ஆய்வாளர்கள் மரபணு வேறுபாடு என்பார்கள். இரண்டும் ஒரே வயலில்தான் நின்றன.

இவாதேயில் பிறந்த கவிஞர் மியாசாவா கென்ஜி வேளாண் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1932-இல் அவர் எழுதிய குஸ்கோ புதோரியின் கதையில், குளிர் கோடையிலிருந்து உழவரைக் காக்க, எரிமலையை வெடிக்கவைத்து அதன் கரியமில வாயுவால் பூமியைச் சூடாக்க ஒருவன் தன் உயிரையே கொடுக்கிறான். புவி சூடாவதைப் பற்றிப் புலம்பும் இந்தக் காலத்தில் படித்தால் விசித்திரமாக இருக்கும். ஆனால் 1780-களிலும் 1830-களிலும் குளிர் கோடையால் ஊர் ஊராகப் பட்டினியில் செத்த மண்ணில் பிறந்தவனுக்கு வேறு எந்தக் கனவு வரும்?

எரிமலையைவிட எளிய வழி ஒன்று வயலிலேயே இருந்தது. தண்ணீர். ஆபத்தான அந்த நாட்களில் இளங்கதிர் தண்டுக்குள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது தெரியுமா? தரையிலிருந்து ஒரு சாண் அளவுக்குள்தான். காற்று 15 டிகிரிக்கு இறங்கினாலும், பகலில் வெயில் குடித்த வயல்நீர் அத்தனை சீக்கிரம் ஆறாது. ஆகவே வரப்பை உயர்த்தி, இருபது சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீரைத் தேக்கினால், கதிர் நீருக்குள் மூழ்கி வெதுவெதுப்பில் இருக்கும். ஜப்பானிலும், ஆஸ்திரேலியாவின் ரிவரினா பகுதியிலும் உழவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். சடாகே இதிலும் ஒரு படி மேலே போனார். ஆபத்துப் பருவத்துக்கு முன்பே, கதிர் உருவாகத் தொடங்கும்போதே பத்து சென்டிமீட்டர் நீர் தேக்கி வெதுவெதுப்பாக வைத்தால், மகரந்தப்பையில் பிறக்கும் மகரந்தங்களின் எண்ணிக்கையே கூடுகிறது. பிற்பாடு குளிர் சிலவற்றைக் கொன்றாலும் மிச்சம் போதுமான அளவு இருக்கும் என்று கண்டார். சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும் குணத்தை நீருக்குக் கொடுத்தவனும், கருக்கொள்ளும் கதிரை நீர்மட்டத்துக்கு எட்டும் தாழ்வில் வைத்தவனும் ஒருவனே என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு நிம்மதி. மறுப்பவர் மறுக்கலாம், வரப்பை உயர்த்தினால் மறுப்பவர் வயலும் விளையும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். யூரியாவை அள்ளிப் போட்டுக் கருகருவென்று வளர்ந்த பயிர்தான் குளிரில் அதிகமாகப் பதராகிறது. செழிப்பு என்று கண்ணுக்குத் தெரிவது வேறு, கருவின் பலம் வேறு.

ரகம் தேர்வதில் மியாகி மாநிலத்தின் ஃபுருகாவா ஆய்வு நிலையம் பெயர் பெற்றது. அங்கே வயலில் 19 டிகிரிக் குளிர்நீரை ஆழமாகப் பாய்ச்சி, எந்த ரகம் அதிலும் மணி பிடிக்கிறது என்று பார்க்கிறார்கள். காப்பதற்கு வெந்நீர், சோதிப்பதற்குத் தண்ணீர்! அங்கே பிறந்த ‘ஹிட்டோமெபோரே’ 1993-இன் சோதனையைத் தாங்கி நின்றது. அதுவரை மியாகியின் பெருமையாக இருந்த சசானிஷிகி அந்த ஆண்டு விழுந்தது, பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. தாங்கிய ரகங்களின் இரகசியம் என்னவென்று பார்த்தால், பலவற்றில் மகரந்தப்பை நீளமாக இருக்கிறது, உள்ளே மகரந்தமும் அதிகம். இந்த நீளத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவை ஜப்பானியர் 2010-இல் பிரித்தெடுத்தார்கள். அது எங்கிருந்து ஜப்பானிய நெல்லுக்குள் வந்தது என்று கேட்டால் நம்பமாட்டீர்கள். பூமத்தியரேகை ஓடும் இந்தோனேசியாவின் ‘சிலேவா’ என்ற நாட்டு நெல்லிலிருந்து! யமாசே காற்றுக்கு மருந்து வெப்ப நாட்டுப் புல்லுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. எந்தப் பூட்டுக்குரிய சாவியை எந்த நாட்டில் ஒளித்துவைப்பது என்பதில் படைத்தவனுக்கு ஒரு விளையாட்டுப் புத்தி உண்டு போலும்.

1993-இன் அழிவில் இவாதேக்கு இன்னொரு சோதனை. குளிரைத் தாங்கும் புது ரகம் ஒன்று கைவசம் இருந்தது. ஆனால் அடுத்த ஆண்டு விதைக்கப் போதுமான விதை இல்லை. வடக்கே பனிக்காலம். அந்த விதையைத் தெற்கே, ஓகினாவாவைச் சேர்ந்த வெப்பத் தீவான இஷிகாகிக்கு அனுப்பினார்கள். முகம் தெரியாத தீவு உழவர்கள் குளிர்காலத்திலேயே நட்டு, 1994 மே மாதம் அறுத்துக் கொடுத்தார்கள். விதை உடனே வடக்கே போய் அதே பருவத்தில் வயலில் இறங்கியது. அந்த ரகத்துக்கு வைத்த பெயர் ‘ககேஹாஷி’, பாலம். 2003-இல் குளிர் கோடை மீண்டும் வந்தபோது நாடு முழுமைக்கான கணக்கு 90-க்குக் கீழே போகாமல் நின்றது.

நெல் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். கொண்டைக்கடலைக்கு நாளின் சராசரி வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் பூ பிடிக்காமல் உதிரும். வட இந்தியாவில் குளிர்காலப் பூக்கள் அப்படித்தான் போகின்றன. அதில் மகரந்தம் சூல்முடியில் விழுந்துவிடுகிறது. முளைத்த குழாய்தான் குளிரில் விறைத்துப் பாதி வழியில் நின்றுவிடுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆய்வாளர்கள் செடியைத் தேர்வதை விட்டுவிட்டு மகரந்தத்தையே தேர்ந்தார்கள். கலப்புச் செடிகளின் பூக்களைக் குளிரில் வைத்து, எந்த மகரந்தத்தின் குழாய் குளிரிலும் ஓடிச் சூலை எட்டுகிறதோ அதன் பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள். அப்படி வந்த ரகங்களுக்கு ரூபாலி, சோனாலி என்று நம் நாட்டுப் பெயர்களே வைத்தார்கள்.

கோதுமையின் கணக்கோ தலைகீழ். இலையுதிர் காலத்தில் விதைக்கும் குளிர்காலக் கோதுமை, வாரக்கணக்கில் குளிர்ந்து நடுங்கினால்தான் பூக்கவே சம்மதிக்கும். குளிர் படாவிட்டால் வெறும் புல்லாகவே காலம் தள்ளும். பனிக்குக் கீழே புதைந்து கிடந்து நாள் எண்ணுகிற பயிர் அது. அதே கோதுமை, வசந்தத்தில் கதிர்விட்ட பிறகு ஒரே ஓர் இரவு உறைபனி விழுந்தால் பதராகிவிடும். அழைப்புக்கும் குளிர், அழிவுக்கும் குளிர். இடையில் இருப்பது மாதக் கணக்கு மட்டும்.

அபே கமேஜி பொறுக்கிய மூன்று கதிர்களும், இந்தோனேசியாவின் சிலேவாவும் தங்களுக்குள் என்ன இருக்கிறது என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. யாரோ விதைத்தார்கள், யாரோ எடுத்துவைத்தார்கள், அதனால் கிடைத்தன. நம் ஊர்களிலும் தாத்தா காலத்து நெல் சில வீடுகளில், ஒரு மரக்கால், இரண்டு மரக்கால் என்று இன்னும் இருக்கிறது. இருந்தால் தயவுசெய்து குதிரிலேயே வைத்திருக்காதீர்கள். நெல்விதையின் முளைப்புத்திறன் சாதாரணச் சேமிப்பில் ஓரிரு ஆண்டுகளில் சரிந்துவிடும். ஒரு மூலையில் இரண்டு பாத்தியாவது ஆண்டுதோறும் போடுங்கள். கேட்டு வருகிற இன்னொரு உழவருக்கும் ஒரு படி அளந்து கொடுங்கள்.